ஆளில்லாத வீட்டுக்குப் பாதி வரி

வீட்டில் ஆள் இல்லை என்று பார்த்துவிட்டு, ஆள் இல்லை என்று எழுதிக் கொடுப்பதுதான் அவருடைய வேலை. நகராட்சியின் வருவாய்ப் பிரிவில் சேர்ந்த நாளிலிருந்து தலை நரைக்கும்வரை அவர் செய்துவந்தது இதைத்தான். அரை வருஷம் தொடர்ந்து பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குச் சொத்து வரியில் பாதி தள்ளுபடி உண்டு. எழுதிக் கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துவிட முடியாது என்பதால், ஓர் ஆள் நேரில் போய்ப் பார்த்து வர வேண்டும். அந்த ஆள் இவர்.

அலுவலகத்தில் இவருக்குக் ‘காலி சார்’ என்று பெயர். பியூனிலிருந்து பெரிய அதிகாரிவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். ரொட்டிக் கடையில் கல்லாவில் உட்காரும் இவருடைய மனைவிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. “கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பா நாலு பேர்கிட்ட விசாரிச்சாரு. நல்ல பையன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. இப்ப ஆபீசே சேர்ந்து காலிங்குது,” என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்புக்கு அடியில் கொஞ்சம் வருத்தமும் இருக்கும்.

வேலையில் அவர் கெட்டிக்காரர். ஒரு வீடு மெய்யாகவே பூட்டிக் கிடந்ததா, தள்ளுபடிக்காகப் பூட்டியதுபோல் காட்டுகிறார்களா என்பது வாசற்படி தாண்டியதும் தெரிந்துவிடும். ஒருவர் சாமானையெல்லாம் மச்சில் ஏற்றி, தரையில் சாம்பலைத் தூவி, தானே தூசி தயாரித்து வைத்திருந்தார். குளியலறை ஜன்னலில் பல் துலக்கும் பிரஷ் மட்டும் ஈரமாக இருந்தது. பிடிபட்ட அந்த வீட்டுக்காரரே சிரித்துவிட்டு முழு வரியைக் கட்டினார்.

எல்லாவற்றையும்விட அவர் நம்பியது குளியலறைத் தரையில் இருக்கும் சல்லடையைத்தான். அதைத் தூக்கினால் கீழே குழாய் வளைந்து இறங்கும். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடை நாற்றம் வீட்டுக்குள் ஏறாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். ஆள் புழங்காவிட்டால் அது மெல்ல வற்றிவிடும். பிறகு மண்ணும் இரும்பும் கலந்தாற்போல ஒரு வாடை மேலே வரும். அந்த வாடை வந்துவிட்டால் அவர் பேனாவைத் திறந்துவிடுவார்.

வேலை முடிந்து வீடு திரும்பினாலும் அந்த வாடை அவரோடு வரும். சட்டையை மாற்றினாலும், சோப்புப் போட்டுக் குளித்தாலும் மூக்கின் உள்பக்கம் எங்கோ உட்கார்ந்திருக்கும். சாத்திய கதவுகள், ஆணி மட்டும் மிஞ்சிய சுவர்கள், பென்சில் கோடு போட்டுக் குழந்தைகளின் உயரத்தைக் குறித்து வைத்த நிலைக்கால்கள், இவையெல்லாம் கண்ணை மூடினால் வரிசையாக வரும். வீட்டுக்குள் நுழையும் முன் ‘யாராவது இருக்கீங்களா’ என்று குரல் கொடுக்க வேண்டும் என்பது விதி. பழக்கதோஷத்தில் சொந்த வீட்டு வாசலிலும் அவர் அப்படிக் குரல் கொடுப்பார். “நான் ஒருத்தி இருக்கேன், எழுதிக்கோங்க,” என்பாள் மனைவி உள்ளேயிருந்து.

இப்படியே ஓய்வு பெற்றிருப்பார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த தெருதான் அவரைப் பிடித்துக்கொண்டது.

சின்னத் தெரு. இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடுகள், முடிவில் ஓர் உயரமான சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் முள்ளும் குப்பையுமாகக் கிடந்த இடத்தில் அகலமான புதிய சாலை ஒன்று வந்தது. தெருக்காரர்கள் முதலில் சந்தோஷப்பட்டார்கள். சுவரை இடித்து வழி விடுவார்கள், பஸ் ஏற நடக்க வேண்டியதில்லை என்று நினைத்தார்கள். சுவர் அப்படியே நின்றது. வரி மட்டும் ஏறியது.

வரி போடுவதில் ரகசியம் ஒன்றும் இல்லை. வீடு எவ்வளவு பெரியது, எதனால் கட்டியது, எத்தனை பழசு, எந்தச் சாலையை ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான் கணக்கு. மறு மதிப்பீடு நடந்தபோது வரைபடத்தில் அந்தத் தெரு புதிய சாலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதனால் கடைசி வகையில் இருந்த தெருவை ஒரே தாவலில் முதல் வகைக்குத் தூக்கிவிட்டார்கள். பெரிய கடைகள் இருக்கும் சாலைக்கு என்ன வீதமோ அதுவே இந்த ஓட்டு வீடுகளுக்கும் வந்தது. தெருக்காரர்கள் சேர்ந்து ஆட்சேபனை கொடுத்தார்கள். விசாரணையில், சுவர் இருக்கிறது, எங்களால் அந்தச் சாலைக்குப் போகவே முடியாது, தொட்டியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்றார்கள். அதிகாரிகள் வரைபடத்தைப் பார்த்தார்கள். வரைபடத்தில் சுவர் இல்லை. ஆட்சேபனை தள்ளுபடி ஆனது.

அதற்குப் பிறகு தெரு மெல்லக் கரைந்தது. மகள் வீட்டோடு போனார்கள் சிலர். வாடகை குறைவான இடத்துக்குப் போனார்கள் சிலர். இந்த வரியைக் கேட்டுவிட்டு வாங்க யாரும் வராததால் விற்கவும் முடியவில்லை. பூட்டிப் போட்டால் பாதி வரி என்பது ஒன்றுதான் அவர்களுக்கு இருந்த வழி. விண்ணப்பங்கள் வந்தன. காலி சார் அந்தத் தெருவுக்குப் போக ஆரம்பித்தார்.

தெருவின் நடுவில் ஒரு வீட்டில் பூட்டுப் பழுது பார்க்கிற அம்மாள் ஒருத்தி தனியாக இருந்தாள். புருஷனும் அதே தொழில். அவர் போன பிறகு கடையைக் காலிசெய்துவிட்டு முன்னறையிலேயே பட்டறை போட்டுக்கொண்டாள். அரமும் இடுக்கியும் எண்ணெய்க் கறையுமாக இருக்கும் அந்த அறை. எல்லாருக்கும் அவள் சாவியக்கா. தெருவைவிட்டுப் போனவர்கள் அத்தனை பேரும் சாவியை அவளிடம்தான் கொடுத்துவிட்டுப் போனார்கள். எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் முதலில் அவள் கதவைத் தட்ட வேண்டும். ஒரு பெரிய வளையத்தில் எல்லாச் சாவியையும் கோத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கலகலவென்று முன்னால் நடப்பாள். வளையத்தைப் பார்க்காமலே விரலால் தடவி அந்த வீட்டுச் சாவியை எடுப்பாள்.

முதல் தடவை ஒரு வீட்டில் சல்லடையைத் தூக்கிப் பார்த்தவர் குழம்பிப்போனார். கீழே தண்ணீர் நின்றது. வாடையே இல்லை. ஆள் வந்து போகிறார்களா என்று கேட்டார்.

“நான்தான் தம்பி ஊத்துறேன்,” என்றாள் சாவியக்கா. “வாரத்துக்கு ஒரு நாள் எல்லா வீட்டுக்கும் ஒரு வாளி. திரும்பி வர்றப்ப வீடு நாறக் கூடாதுல்ல.”

“திரும்பி வருவாங்களாக்கா?”

“வராட்டியும் நாறக் கூடாது.”

அவள் ஊற்றும் தண்ணீரைக் கழித்துவிட்டு மற்றதைப் பார்த்து, காலி என்றே எழுதினார். அது பொய்யில்லை. அடுத்த வீட்டையும் அதற்கடுத்த வீட்டையும் அப்படியே எழுதினார். சரியான வேலைதான் செய்கிறோம், போனவர்களுக்குப் பாதி வரியாவது மிச்சமாகிறது என்று நினைத்துக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் பட்டறையில் உட்கார வைத்து டீ கொடுப்பாள். அந்த வீட்டில் இருந்தவர்களைப் பற்றிச் சொல்லுவாள். யார் எந்நேரமும் ரேடியோவை அலறவிட்டார்கள், எந்தப் புருஷன் கோபித்துக்கொண்டு பூட்டை மாற்றச் சொன்னான், மறுநாளே பெண்டாட்டிக்கு எப்படி இன்னொரு சாவி செய்து கொடுத்தாள் என்பதெல்லாம். கேட்டுவிட்டுத் தெருவில் நடந்தால் பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் ரேடியோவும் சண்டையும் லேசாகக் கேட்பதுபோல அவருக்கு இருக்கும்.

தான் எழுதியது வேறு எங்கே போகிறது என்பது அவருக்கு ரொம்ப நாள் தெரியாது. ஒரு நாள் தெருவிளக்குப் பிரிவில் வேலையாக உட்கார்ந்திருந்தபோதுதான் கண்ணில் பட்டது. எந்தத் தெருவில் பாதிக்கு மேல் வீடுகள் காலியோ அந்தத் தெருவைக் குறைந்த பராமரிப்பில் சேர்க்க வேண்டும் என்று மன்றத்தில் தீர்மானம் போட்டிருந்தார்கள். விளக்கு, குப்பை வண்டி, சாக்கடை அடைப்பு எடுப்பது எல்லாம் வருகிற வரியிலிருந்துதான் நடக்க வேண்டும். வராத தெருவுக்குச் செலவைக் குறை என்பது நியாயமாகத்தான் பட்டது அவர்களுக்கு. எந்தத் தெரு காலி என்பதற்கு அவர்கள் கையில் இருந்த ஆதாரம் காலி சாருடைய கையெழுத்து.

முதலில் ஒன்றுவிட்டு ஒரு விளக்கை நிறுத்தினார்கள். அப்புறம் மொத்தமாக நிறுத்தினார்கள். குப்பை வண்டி தெருமுனையோடு திரும்பியது.

சாவியக்கா அலுவலகத்துக்கு வந்தாள். வருஷா வருஷம் வரியைக் கவுண்டரில் கட்டிவிட்டுப் போகிறவள், அன்றைக்கு நேராக அதிகாரியம்மாவின் மேஜைக்கு வந்து நின்றாள். அதிகாரியம்மா வயதில் சிறியவர். யாரையும் நிற்க வைத்துப் பேசாதவர். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பொறுமையாக விளக்கினார். ஒரு வீட்டுக்காக ஒரு தெருவுக்கு விளக்கெரித்தால் மற்ற தெருக்காரர்கள் கேள்வி கேட்பார்கள் என்றார்.

“நான் பாதி கட்டலம்மா, முழுசாக் கட்டுறேன்,” என்றாள் சாவியக்கா. “எல்லா விளக்கையும் நான் கேக்கல. ஒண்ணு போதும்.”

பக்கத்து மேஜையில் காலி சார் தலையைக் குனிந்துகொண்டு இல்லாத எழுத்துப்பிழையைத் தேடினார். அதிகாரியம்மா மேலே எழுதிப் போடுவதாகச் சொல்லி அனுப்பினார். எழுதியும் போட்டார். மேலே இருந்து பதில் வரவில்லை.

அடுத்த முறை அவர் அந்தத் தெருவுக்குப் போனபோது அவள் டீ கொடுத்தாள், சாவியையும் எடுத்தாள். வீட்டைத் திறக்கும் முன் நின்று, இந்த ஒரு வீட்டில் ஆள் உண்டு என்று எழுத முடியுமா என்று கேட்டாள். கணக்கு பாதிக்குக் கீழே வந்தால் விளக்கு வந்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

“இல்லாத ஆளை இருக்குன்னு எப்படிக்கா எழுதுறது?”

“இருக்கிற என்னை இல்லேன்னு எழுதிட்டீங்களே தம்பி. அதே மாதிரிதான்.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துவிட்டாள். அவர் உள்ளே போய்ப் பார்த்தார், காலி என்று எழுதினார். திரும்பும் வழியில் தெரு ஓரத்தில் பாதாளச் சாக்கடையின் மூடி உடைந்து, பாதி வாய் திறந்து கிடப்பதைப் பார்த்தார். அது அவருடைய பிரிவு இல்லை. ஆனாலும் பொறியியல் பிரிவுக்குப் போய்ச் சொன்னார். அந்தத் தெரு இப்போது கடைசி வரிசையில் இருக்கிறது, வேலையாட்கள் கை ஒழிந்ததும் பார்க்கலாம் என்றார்கள். ஒரு கல்லாவது தூக்கி வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். தானே வைத்திருக்கலாம் என்பது அப்போது தோன்றவில்லை.

மழைக் காலத்தில் ஒரு நாள் காலை இன்னொரு விண்ணப்பத்தோடு போனார். தெரு முழுக்க நனைந்து கிடந்தது. சாவியக்காவின் கதவு சாத்தியிருந்தது, வெளியே பூட்டில்லை. தட்டினார். ‘யாராவது இருக்கீங்களா’ என்று வழக்கம்போலக் குரல் கொடுத்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கூப்பிட்டார். எங்கோ இரும்பு உரசுவதுபோல மெல்லிய சத்தம் கேட்டது. ஏதோ ஒரு வீட்டின் தகரம் காற்றில் ஆடுகிறது என்று நினைத்தார். கடைக்குப் போயிருப்பாள், நாளைக்கு வரலாம் என்று கிளம்பிவிட்டார்.

முந்தின நாள் பொழுது சாய்ந்த பிறகு, வீடுகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு இருட்டில் திரும்பும்போது அவள் அந்தக் குழிக்குள் விழுந்திருந்தாள். இடுப்பு எலும்பு முறிந்து, எழ முடியாமல் உள்ளேயே கிடந்தாள். மத்தியானத்துக்கு மேல் கரண்டு மீட்டர் பார்க்க வந்தவர்தான் கண்டுபிடித்துத் தூக்கினார்.

காலி சார் ஆஸ்பத்திரிக்குப் போனார். வார்டின் ஓரத்துக் கட்டிலில், பாதியாகச் சுருங்கிப்போய்ப் படுத்திருந்தாள். ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போனதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். சாவியெல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்றுதான் அவள் முதலில் கேட்டாள். உங்கள் வீட்டு ஆணியில் மாட்டியிருக்கிறது என்றார்.

“காலையில நீங்க வந்தீங்கல்ல?”

அவர் குனிந்து பழத்தைக் கட்டிலடியில் வைத்தார்.

“உங்க குரல் கேட்டுச்சு. யாராவது இருக்கீங்களான்னு கேட்டீங்க. இருக்கேன்னு சொன்னேன் தம்பி. சத்தம் வெளிய வரல. சாவியை ஆட்டினேன். அதுவும் உங்களுக்குக் கேக்கல போல.”

கேட்டது என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. நாலைந்து நாளில் நிமோனியா கண்டு அவள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மனைவி காரணம் கேட்டால் வயசாகிறது என்றார். எந்த வீட்டுக்குப் போய்க் குரல் கொடுத்தாலும் அந்தக் குரலுக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றார். உள்ளே போய் அலமாரிக் கதவுகளைத் திறந்து பார்த்தார். மாடிப்படிக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு அரை நாள் எடுத்தது. பஸ்ஸில் யாராவது சாவிக்கொத்தை எடுத்தால் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுவார். ஒரு நாள் ரொட்டிக் கடையில் மனைவி கல்லாச் சாவியைப் போட்டுத் திருப்பியபோது, அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவள் பயந்துவிட்டாள்.

அரை வருஷம் கழிந்ததும் எதிர்பார்த்த விண்ணப்பம் மேஜைக்கு வந்தது. சாவியக்காவின் தம்பி மகன் போட்டிருந்தான். அத்தை வீடு இப்போது அவன் பேரில், வீடு காலி, பாதி வரி போதும். வேறு யாரையாவது அனுப்பச் சொல்லலாமா என்று யோசித்தார். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு அவரே போனார்.

தம்பி மகன் வாசலில் காத்திருந்தான். அத்தை போனதிலிருந்து ஒரு தடவைகூட உள்ளே வரவில்லை என்றான். குழாய் இணைப்பை அப்போதே துண்டித்துவிட்டார்களாம். பூட்டு சிரமப்பட்டுத்தான் திறந்தது. அவர் வாசற்படியில் நின்றார். குரல் கொடுக்க வேண்டும். வாயைத் திறந்தார், வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, பேசுகிற குரலில், ‘அக்கா’ என்று மட்டும் சொன்னார். தம்பி மகன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

பட்டறை மேஜைமேல் தூசி கனமாக இருந்தது. இரும்புச் சாமான்கள் துருவேறிக் கிடந்தன. மூலையில் சிலந்தி கட்டியிருந்தது. எல்லாம் ஆளில்லாத வீட்டின் லட்சணங்கள்தான். குளியலறைக்குப் போய்ச் சல்லடையைத் தூக்கினார். டார்ச் அடித்தார்.

கீழே தண்ணீர் நின்றது. தெளிந்த தண்ணீர். டார்ச் வெளிச்சம் அதில் பட்டு அவர் முகத்துக்கே திரும்பி வந்தது. குழாயைத் திறந்து பார்த்தார். ஒரு சொட்டுகூட வரவில்லை. கூரையில் ஒழுகிய தடம் இல்லை. வாளி கவிழ்த்து வைத்தபடி காய்ந்து கிடந்தது.

சாவி வளையம் ஆணியில் தொங்கியது. அதை எடுத்துக்கொண்டு அவர் தெருவில் இறங்கினார். தம்பி மகன் பின்னாலேயே ஓடிவந்து, என் வீட்டைத்தானே பார்க்க வந்தீர்கள் என்று கேட்டதை அவர் காதில் வாங்கவில்லை. அவள்போல விரலால் தடவி எடுக்க அவருக்குத் தெரியாது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறந்தார். பூட்டிய வீடுகளில் ஒன்றைக்கூட விடவில்லை. எந்த வீட்டிலும் வாடை இல்லை. எந்தச் சல்லடையைத் தூக்கினாலும் கீழே தண்ணீர் நின்றது.

அன்றைக்கு அவர் அலுவலகத்துக்குத் திரும்பி, பதிவேட்டில் சாவியக்கா வீட்டு எண்ணுக்கு நேரே ‘ஆள் உண்டு’ என்று எழுதினார்.

தம்பி மகன் விடவில்லை. மறுநாளே வந்து சத்தம் போட்டான். ஆள் உண்டு என்றால் யார், பேரைச் சொல்லச் சொல்லுங்கள் என்றான். அதிகாரியம்மா அவனை அனுப்பிவிட்டு, காலி சாரைக் கூட்டிக்கொண்டு தானே நேரில் போனார். சல்லடையைத் தூக்கிக் காட்டினார் இவர். குனிந்து பார்த்த அதிகாரியம்மா நிமிர்ந்தபோது முகத்தில் பரிவுதான் இருந்தது.

“தண்ணிதானே சார். மழைத்தண்ணி கீழேருந்து ஏறியிருக்கலாம். இல்ல வேற ஏதாவது.”

“இருக்கலாம் மேடம். ஆனா என்னால இந்த வீட்டைக் காலின்னு எழுத முடியாது.”

“யார் இருக்காங்கன்னு எழுதுவீங்க?”

அவர் சல்லடையைத் திரும்ப மூடி வைத்தார். அதிகாரியம்மா அவருடைய எழுத்தை அடிக்கவில்லை. கொஞ்ச நாள் லீவு போட்டு ஓய்வெடுங்கள், திரும்பி வந்து நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள் என்றார்.

அன்று மாலை அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். தெருவைப் பற்றி, விளக்கைப் பற்றி, குழியைப் பற்றி. தகரம் என்று நினைத்த சத்தத்தைப் பற்றிச் சொல்லும்போது நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கடைசியில் அவர், அந்த வீட்டை வாடகைக்கு எடுக்கலாம் என்று இருக்கிறேன் என்றார். யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் நான் இருக்கிறேன் என்று சொல்லிவிடலாம் என்றார்.

பைத்தியம் பிடித்துவிட்டதா என்று மனைவி கேட்பாள் என்று அவர் எதிர்பார்த்தார்.

“அடுப்படியில வெளிச்சம் வருமா?” என்று கேட்டாள்.

“வரும். கிழக்குப் பக்கம் ஜன்னல்.”

“அப்ப சரி.”

கூச்சல் போட்ட தம்பி மகன், வாடகை வருகிறது என்றதும் பசுவாகிவிட்டான். சார், சார் என்று கூடவே நின்று சாமான் இறக்கினான். பட்டறை மேஜையை மட்டும் எடுக்க வேண்டாம் என்றார் இவர்.

அலுவலகத்தில் சிரித்தார்கள். காலி சார் குடியேறிவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். பரிசோதிக்கிற ஆளே அந்தத் தெருவில் குடியிருக்கக் கூடாது என்று யாரோ மேலே போட்டுக்கொடுக்க, அவரைக் கடை வாடகை வசூல் பக்கம் மாற்றிவிட்டார்கள். அவர் மறுக்கவில்லை. இனி எந்த வீட்டு வாசலிலும் நின்று குரல் கொடுக்க வேண்டியதில்லை என்பது அவருக்குப் பெரிய நிம்மதி.

அந்த வீட்டில் இரண்டு பேரும் முதலில் பழகச் சிரமப்பட்டார்கள். பொழுது சாய்ந்தால் தெரு கிணற்றுக்குள் இறங்கினாற்போல ஆகிவிடும். அவர் முதல் வேலையாகச் சாக்கடைக் குழிமேல் ஒரு கல்பலகையைப் புரட்டிப் போட்டார். வாரம் ஒரு நாள் இரண்டு பேரும் சாவியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு தடவை அவர், ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் ஊற்றாமல் விட்டுப் பார்க்கலாமா, வற்றுகிறதா என்று தெரிந்துவிடும் என்றார்.

“அதெல்லாம் சோதிச்சுப் பார்க்காதீங்க,” என்றாள் மனைவி. “ஊத்துறது நம்ம வேலை. ஊத்திட்டு வந்துருவோம்.”

அவள் ஏன் அப்படிச் சொன்னாள், அவளுக்கு அந்த வீட்டில் ஏதாவது கேட்டதா என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கடைக்குப் போகாத நாளில் பகலில் தனியாக இருக்கும்போது அவள் முன்னறைக் கதவை மட்டும் திறந்தே வைத்திருந்தாள்.

அடுத்த மதிப்பீட்டு வருஷம் வந்ததும் அவர் தெருவாசி என்ற முறையில் ஆட்சேபனை போட்டார். தம்பி மகனிடமும் கையெழுத்து வாங்கினார். வெளியூர்களுக்குப் போய்விட்ட மற்ற வீட்டுக்காரர்களைத் தேடித்தேடி வாங்கினார். விசாரணைக் குழுவைத் தெருவுக்கே கூட்டிவர வேண்டும் என்று அதிகாரியம்மாவிடம் நடையாய் நடந்தார். குழு வந்தது. கார் தெருமுனையில் நின்றது. எல்லாரும் நடந்து கடைசிவரை வந்து சுவர்முன் நின்றார்கள். அந்தப் பக்கம் லாரிகள் போகிற சத்தம் கேட்டது. குழுத் தலைவர் அண்ணாந்து சுவரைப் பார்த்தார். கையால் தட்டியும் பார்த்தார். பிறகு, இது எப்போது கட்டினது என்று கேட்டார். எப்போதும் இருக்கிறது என்றார் இவர்.

வரைபடத்தில் சுவர் ஏறியது. தெருவை முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு இறக்கினார்கள். பழையபடி கடைசி வகைக்குக் கொண்டுபோக அவர்களுக்கு மனம் வரவில்லை. வரி குறைந்த சேதி கேட்டு லாரி டிரைவர் குடும்பம் ஒன்று திரும்பி வந்தது. ஒருவர் வீட்டை நல்ல விலைக்கு விற்றார், வாங்கியவர் வரவில்லை. மற்றவர்கள் போன இடத்தில் வேர் பிடித்துவிட்டார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம், வேலை என்று ஏதேதோ சொல்லி, சாவி உங்களிடமே இருக்கட்டும் சார் என்றார்கள்.

இரண்டு குடும்பம் சேர்ந்து எழுதிக் கொடுத்ததில், ஒன்றுவிட்டு ஒரு விளக்குக்கு அனுமதி வந்தது. ஏணி வண்டி வந்து பல்பு மாட்டிவிட்டுப் போனது. இருட்டத் தொடங்கிய நேரத்தில் விளக்குகள் கண் சிமிட்டிக்கொண்டே எரிந்தன. லாரி டிரைவரின் பிள்ளைகள் வெளிச்சத்துக்கடியில் கத்திக்கொண்டு ஓடினார்கள். மனைவி கை தட்டினாள்.

அவர் படியில் இறங்கி நின்று தெருவைப் பார்த்தார். இத்தனை நாள் இருட்டு எல்லா வீட்டையும் ஒன்றாகப் போர்த்தி வைத்திருந்தது. இப்போது ஒவ்வொரு வீடும் தனித்தனியாகத் தெரிந்தது. சாத்திய ஜன்னல்கள், வெளுத்த கதவுகள். கதவுகளில் தொங்கிய பூட்டுகள் வெளிச்சத்தில் பளபளத்தன. அவர் கையெழுத்துப் போட்ட வீடுகள். வரிசையாக அவரைப் பார்த்துக்கொண்டு நின்றன.

“விளக்கு வேணும்னு இவ்வளவு நாள் அலைஞ்சீங்க. வந்ததும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா எப்படி?” என்றாள் மனைவி.

“இத்தனை வீடுன்னு இப்பத்தான் தெரியுது,” என்றார்.

அவள் அவர் பார்த்த திசையில் பார்த்தாள். பிறகு உள்ளே போய் இரண்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து வாசலில் போட்டாள். ஒன்றில் தான் உட்கார்ந்துகொண்டு இன்னொன்றைத் தட்டிக் காட்டினாள். அவர் உட்கார்ந்தார். எதிர்வீட்டுப் பூட்டு காற்றில் லேசாக ஆடியது.